வேலூர்ப் பெண்கள் ஏற்றுமதியில் இறங்கினால்: யாரிடம் எதைக் கேட்பது?

வட ஆற்காட்டிலிருந்து வெளிநாடு போகும் சரக்குக்கு என்றுமே குறைவில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களே ஒரு வரிசை. ஆரணியில் பட்டு, குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி, வேலூர் மண்டியில் வெல்லம், கரிகிரியில் மண்பாண்டம், ஜவ்வாது மலையில் சாமையும் தேனும் புளியும். ஷூ கம்பெனிகளின் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களும் வீட்டுத் திண்ணையில் ஊதுபத்தி உருட்டுபவர்களும் பெரும்பாலும் பெண்கள்தாம். ஆனால் ஏற்றுமதிக்காகச் சுங்கத் துறையிடம் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் ‘ஏற்றுமதியாளர்’ என்ற கட்டத்தில் பெண் பெயரைப் பார்ப்பது அரிது.

அந்தக் கட்டத்தில் தன் பெயர் வரவேண்டும் என்று நினைக்கும் பெண்ணுக்காக இதை எழுதுகிறேன். கைகொடுக்க அமைப்புகள் இல்லாமல் இல்லை. ஜெனீவாவில் இருக்கிறது, வாஷிங்டனில் இருக்கிறது, டெல்லியில், சென்னையில், நம் ஊராட்சி ஒன்றியத்தில்கூட இருக்கிறது. யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் தடுமாற்றம். பயிற்சி, வாங்குபவர் அறிமுகம், சான்றிதழ், பணம் ஆகிய நான்கில் ஒவ்வோர் அமைப்பும் ஒன்றையோ இரண்டையோதான் தரும். பயிற்சி தரும் இடத்தில் கடன் கேட்டு, கடன் தரும் இடத்தில் வாங்குபவர் முகவரி கேட்டு, இரண்டும் கிடைக்காமல் ‘எல்லாம் வெறும் பேச்சு’ என்று திரும்பிவிடுபவர்கள் அநேகர். எனவே எந்தக் கதவுக்குப் போனாலும், இந்த நான்கில் இவர்கள் தருவது எது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சரக்கு

எல்லாவற்றையும் விற்கிறேன் என்று சொல்பவரை எந்த அயல்நாட்டு வாங்குபவரும் மதிப்பதில்லை. ஒரே ஒரு பொருளில் தொடங்குங்கள். சரக்குகளை உலகெங்கும் ஒரே மாதிரி வகைப்படுத்தும் எச்எஸ் எண் அதற்கு எது என்று பாருங்கள். தோல் கைப்பை, பர்ஸ் என்றால் 4202. தோல் மேற்பகுதி கொண்ட காலணி 6403. ஊதுபத்தி 3307 41. பட்டுத் துணி 5007. எந்த நாட்டில் என்ன வரி, எந்தப் பரிசோதனை, எந்த வணிக ஒப்பந்தத்தில் சலுகை என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் தீர்மானமாகும். இது தெரியாமல் ஆலோசகரைப் பார்க்கப் போனால் பாதி நேரம் பொருளை விவரிப்பதிலேயே போய்விடும்.

புதியவர்களுக்கு ஊதுபத்தியையும் சிறு தோல் பொருட்களையும் தைரியமாகச் சொல்வேன். கெடாது, எடை குறைவு, மாதிரி அனுப்பச் செலவு குறைவு. வெல்லமும் சாமையும் நல்ல சரக்குகள்தாம். ஆனால் உணவு என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், வேளாண் பொருள் ஏற்றுமதிக்கான மத்திய அமைப்பான அபீடாவில் பதிவு, வாங்கும் நாடு கேட்கும் ஆய்வக அறிக்கை என்று படிகள் கூடும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதில் நமக்கெல்லாம் பெருமைதான். அதற்காக வாடும் காய்கறியை வைத்து ஏற்றுமதி படிக்கத் தொடங்க வேண்டாம்.

தோலில் இறங்குபவர்கள் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. மனித உடலில் படும் தோல் பொருட்களில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சுப் பொருள் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் நடப்பில் இருக்கிறது. பதனிடுபவர் பயன்படுத்துவது தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம்தான். ஆனால் பதனிடும் முறையிலோ, போடும் எண்ணெயிலோ, சேமிப்பிலோ கோளாறு இருந்தால் அதுவே ஆறாக மாறிவிடும். அதனால் தோல் வாங்கும்போதே பரிசோதனை அறிக்கையோடு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் மிச்சத் தோலில் அந்த அறிக்கை இருக்காது. பாலாறு கெட்ட கதையை நாம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996 ஆகஸ்டில் தோல் ஆலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வெளிநாட்டில் சட்டம் படிப்பவர்களும் அறிவார்கள். வேலூர் என்று முகவரி போட்டால் வாங்குபவர் கழிவு நீரைப் பற்றிக் கேட்பார். உங்கள் தோல் எந்தப் பதனிடும் ஆலையிலிருந்து வருகிறது, அதன் கழிவு எங்கே சுத்திகரிக்கப்படுகிறது என்பதற்குப் பதிலைக் கையில் வைத்திருங்கள்.

காகிதங்கள்

இதில் மர்மம் எதுவும் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசின் தளம் அல்ல. நிறுவனத்தின் பெயரில் நடப்புக் கணக்கு வேண்டும். மத்திய அரசின் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககமான டிஜிஎஃப்டியிடம் ஏற்றுமதி இறக்குமதி எண், அதாவது ஐஇசி, 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே கிடைக்கும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் அதை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் எண் முடங்கும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஜிஎஸ்டியில் எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் வரி கட்டாமலே அனுப்பலாம்; அதையும் நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்நியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் அடையாள எண்ணான ஏடி கோடைச் சுங்கத் துறைத் தளத்தில் பதிய வேண்டும்.

கடைசியாக, உங்கள் பொருளுக்கான ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமத்தில் ஆர்சிஎம்சி என்ற உறுப்பினர் சான்று. தோலுக்குத் தோல் ஏற்றுமதிக் கழகம், கைத்தறிக்குக் கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமம். இரண்டுக்கும் தலைமையகம் சென்னையில் இருப்பது நமக்கு வசதி. உறுப்பினர் கட்டணத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதன்முறை ஏற்றுமதி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஆர்சிஎம்சி கட்டணம், ஏற்றுமதிக் காப்பீட்டுப் பிரீமியம், தரச் சான்றுச் செலவு ஆகியவற்றைத் திருப்பித் தருவதற்கென்றே மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தில் ஒரு திட்டம் 2022 முதல் இருக்கிறது. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருந்து, அது இப்போது விண்ணப்பம் வாங்குகிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

யார் முதலாளி?

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உலக அளவில் பெண் தொழில்முனைவோருக்கான உதவிகள் பலவும் ஒரு கேள்வியில்தான் தொடங்குகின்றன: இந்தத் தொழில் உண்மையிலேயே பெண்ணுடையதா?

நம் பக்கத்தில் மானியத்துக்காக மனைவி பெயரிலும் தாயார் பெயரிலும் நிறுவனம் பதிவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. உள்ளூர் அளவில் அது ஓடிவிடுகிறது. அயல்நாட்டு வாங்குபவரிடம் ஓடாது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களைப் பெரிய பன்னாட்டு நிறுவனங்களோடு இணைக்கும் வீகனெக்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இந்தியாவிலும் இயங்குகிறது. அது கேட்பது குறைந்தது 51 சதவிகிதப் பெண் உரிமை. அதோடு விடுவதில்லை. நிர்வாகமும் கட்டுப்பாடும் பெண் கையில் இருக்க வேண்டும் என்கிறது. காசோலையில் கையெழுத்திடுபவர் யார், விலையைத் தீர்மானிப்பவர் யார், ஆளை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் யார் என்ற கேள்விகள் வரும். ‘அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்’ என்று ஒரு முறை சொன்னால் போதும், கோப்பு மூடப்படும்.

ஆகவே தொடங்கும்போதே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். தனி உரிமையாளராக இருந்தால் சிக்கல் இல்லை. கணவரோ அண்ணனோ பங்குதாரர் என்றால், ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு 51க்குக் குறையாமலும், வங்கிக் கணக்கை உங்கள் கையெழுத்து இல்லாமல் இயக்க முடியாதபடியும் ஆடிட்டரிடம் சொல்லி எழுதுங்கள். வீட்டில் இதைப் பேசுவது சங்கடமான காரியம் என்பது தெரியும். ஆர்டர் வந்த பிறகு பேசுவது இன்னும் சங்கடம். ஆண்கள் உதவக் கூடாது என்று எந்த அமைப்பும் சொல்லவில்லை. தம்பி சரக்கை ஏற்றிவிடட்டும், கணவர் சென்னைக்குப் போய் வரட்டும். தீர்மானம் உங்களுடையதாக இருக்க வேண்டும், அது காகிதத்தில் தெரிய வேண்டும்.

மகளிர் குழுவாக இருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். சுய உதவிக் குழுவோடு அயல்நாட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டு வாங்குவது நடைமுறையில் கடினம். ஐஇசி வாங்கவும் இன்வாய்ஸ் எழுதவும் சட்டப்படியான ஓர் அமைப்பு வேண்டும். பல குழுக்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவதே நீண்ட நாளைக்கு நல்லது. அதற்கு ஓராண்டு பிடித்தாலும் பரவாயில்லை. அதுவரை ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் வணிக ஏற்றுமதியாளர் ஒருவர் மூலம் அனுப்பிப் பழகலாம். லாபம் குறையும், பாடம் கிடைக்கும்.

உள்ளூர்க் கதவுகள்

உலக வங்கி என்றதும் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நினைவுக்கு வரும். உலக வங்கியின் பணம் வட ஆற்காட்டுப் பெண்ணை வந்தடைவது பெரும்பாலும் அரசுத் திட்டத்தின் பெயரில்தான். பக்கத்துத் தர்மபுரியில் 1989-இல் மகளிர் திட்டம் தொடங்கியபோது அதற்குப் பின்னால் இருந்தது ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். நம் கிராமங்களில் ‘வாழ்ந்து காட்டுவோம்’ என்ற பெயரில் வந்த அரசுத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தது உலக வங்கி. அந்தத் திட்டத்தின் கீழ்த் தொடங்கப்பட்ட மதி சிறகுகள் தொழில் மையங்களில் தொழில் திட்ட அறிக்கை எழுதவும், பதிவுகள் செய்யவும், வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கவும் கைகொடுக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு எந்த மையம் என்று மகளிர் திட்ட அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

கடனுக்கு முதல் கதவு மாவட்டத் தொழில் மையம். 2019 நவம்பரில் வேலூர் மூன்றாகப் பிரிந்த பிறகு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பெண்கள் தத்தம் மாவட்ட மையத்தைத்தான் அணுக வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். பழைய நினைப்பில் வேலூருக்கு வந்து அலையாதீர்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமத்தில் 35 சதவிகிதமும் நகரத்தில் 25 சதவிகிதமும் மானியம் என்றும், கைப்பணம் 5 சதவிகிதம் போதும் என்றும் வகுத்திருக்கிறார்கள். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்திலும் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. இவை பெரும்பாலும் எந்திரத்துக்கும் கட்டடத்துக்குமான பணம் என்பதை நினைவில் வையுங்கள். ஆர்டர் கையில் வந்த பிறகு தோலும் துணியும் வாங்கத் தேவைப்படும் பணத்தை வங்கியிடம் ‘பேக்கிங் கிரெடிட்’ என்று கேட்க வேண்டும்.

புதுமையான பொருளோ தொழில்நுட்பமோ இருந்தால் காட்பாடியில் விஐடியின் தொழில்நுட்ப வணிக வளர்ப்பகம் இருக்கிறது. வாழையிலைத் தட்டையும் ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம்; அது வேறு வகை.

கடல் தாண்டிய கூட்டணிகள்

இப்போது ஜெனீவா. உலக வர்த்தக அமைப்பும் ஐ.நா.வும் சேர்ந்து நடத்தும் பன்னாட்டு வணிக மையம் 2015-இல் ‘ஷீ டிரேட்ஸ்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. உறுப்பினராவது இலவசம். விலை நிர்ணயம், பேக்கிங், ஒப்பந்தம், இணைய விற்பனை பற்றிய பாடங்களும் இலவசம். வீட்டு வேலை முடிந்து இரவில் கைப்பேசியில் படிக்கலாம். ஆங்கிலத்தில் இருக்கும்; கல்லூரியில் படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இருவருக்கும் பயன். ஷீ டிரேட்ஸ் கடன் தராது. முதல் முறை ஏற்றுமதி செய்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். காசு செலவில்லை என்பது ஒரு காரணம். வாங்குபவரிடம் பேசும் மொழி பிடிபடும் என்பது பெரிய காரணம்.

வீகனெக்டில் பெயரைப் பதிவது ஒன்று, சான்றிதழ் பெறுவது வேறு. பின்னதற்குக் கட்டணம் உண்டு. அந்தச் சான்றிதழ் ஆர்டர் ஆகாது. பெரிய நிறுவனங்களின் கொள்முதல் பிரிவு உங்களைப் பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவே. மாதம் ஐம்பது பை தைப்பவருக்கு அது இப்போது தேவையில்லை. நிலையான உற்பத்தி வந்த பிறகு யோசிக்கலாம்.

‘வீ-ஃபை’ என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். 2017-இல் ஹாம்பர்க் ஜி20 மாநாட்டில் அறிவிக்கப்பட்டு உலக வங்கியில் இயங்கும் பெண் தொழில்முனைவோர் நிதி முயற்சி அது. வளர்ச்சி வங்கிகள் வழியாகவே அதன் பணம் இறங்கும். தனி நபர் விண்ணப்பிக்க முடியாது. உலக வர்த்தக அமைப்பும் பன்னாட்டு வணிக மையமும் 2024-இல் அபுதாபியில் 5 கோடி டாலர் இலக்கோடு அறிவித்த பெண் ஏற்றுமதியாளர் நிதியம் முதலில் எடுத்துக்கொண்ட நாடுகள் டொமினிக்கன் குடியரசு, ஜோர்டான், மங்கோலியா, நைஜீரியா. ‘அந்த நிதியில் உங்களுக்கு வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள்’ என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். டெல்லியில் நிதி ஆயோக் 2018-இல் தொடங்கிய பெண் தொழில்முனைவோர் தளமும் இலவசம்தான். வழிகாட்டியாக மூத்த தொழில்முனைவோர் ஒருவரைத் தேட அது உதவும்.

ஒப்பந்தங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் புவெனஸ் ஐரிஸில் பெண்களின் பொருளாதார வலுவூட்டலுக்கும் வணிகத்துக்குமான பிரகடனம் வந்தபோது இந்தியா அதில் சேரவில்லை. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலோ வணிகமும் பாலினச் சமத்துவமும் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அந்த அத்தியாயம் ஒத்துழைப்புக்கானது. அதைக் காட்டி யாரும் உங்கள் பைக்கு வரியைக் குறைக்க மாட்டார்கள். வரிச் சலுகை வேறு அத்தியாயத்தில், ஆண் பெண் பாராமல் எல்லோருக்கும். அதை வாங்கத் தோற்றச் சான்று, அதாவது பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதற்கான ஆவணம் வேண்டும். 2022 மே முதல் நடப்பில் இருக்கும் ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் நமக்கு நல்ல பள்ளிக்கூடம்: தோலுக்கும் துணிக்கும் வரி இல்லை, பயணம் குறைவு, நம் ஊர் மனிதர்கள் அங்கே நிறைய. அமெரிக்காவை மட்டும் நம்பியவர்களுக்கு 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவிகிதம் ஆனபோது நேர்ந்ததை ஆம்பூரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். விலை சொல்வதற்கு முந்தைய நாள் வரி விகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதல் ஆர்டர்

அடக்க விலையில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். ஒரு கைப்பைக்குத் தோல், லைனிங், ஜிப், கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபம் 150 சேர்த்து 750 என்று சொல்லிவிடுவார்கள். பெட்டி, சென்னைத் துறைமுகம் வரை லாரி வாடகை, சுங்க முகவர் கட்டணம், பரிசோதனை, வங்கிக் கமிஷன், காப்பீடு ஆகியவற்றை யார் கொடுப்பது? இவற்றில் பல, இருபது பைக்கும் இருநூறு பைக்கும் ஒரே தொகை. சுங்க முகவருக்கும் ஆய்வகத்துக்கும் சேர்த்து 12,000 ரூபாய் ஆனால், இருநூறு பையில் ஒரு பைக்கு 60 ரூபாய்; இருபது பையில் 600 ரூபாய், அதாவது இன்னொரு பையின் அடக்கம். அதனால் சிறு ஆர்டரைக் கப்பலில் அனுப்பாதீர்கள். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரம் வழியாகச் சுங்கப் படிவத்தை இணையத்தில் நிரப்பிப் பார்சலாக அனுப்பலாம். பக்கத்தில் எந்த அஞ்சலகத்தில் அந்த வசதி என்று தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். அனுப்பிய சரக்குக்கு, கட்டிய வரிகளைத் திருப்பித் தரும் டிராபேக், ரோடெப் திட்டங்களில் கொஞ்சம் திரும்ப வரும். அதை விலையில் கழிக்காதீர்கள், வந்தால் வரவு.

பணம் எப்படி வரும் என்பதை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆர்டருக்குப் பாதி முன்பணம், மீதி சரக்கு ஏறுவதற்கு முன் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடனுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், 1957 முதல் இயங்கும் ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனமான இசிஜிசியிடம் வாங்குபவரின் நிலையை விசாரித்துக் காப்பீடு எடுங்கள். உங்கள் பெயரில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று வாங்குபவருக்குப் பொய் மின்னஞ்சல் போகக்கூடும்; தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். பணம் வாங்கிக்கொண்டு தரப்படும் ‘சர்வதேசச் சாதனைப் பெண்’ விருதுகளும் இந்த ரகம்தான். அந்தக் காசுக்கு நான்கு மாதிரிப் பைகள் தைக்கலாம்.

முதலீடு வந்தால்

நம் பக்கத்தில் வெளிநாட்டு முதலீடு என்பது பெரும்பாலும் துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் அண்ணன் அனுப்பும் பணம். அண்ணன் இந்தியக் குடியுரிமை உள்ளவர் என்றால், திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை என்ற நிபந்தனையில் உங்கள் தனி உரிமை நிறுவனத்திலேயே முதலீடு செய்யலாம். அது கடனா, முதலீடா, அன்பளிப்பா என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அண்ணன் தங்கைக்குள் எதற்கு என்று கேட்பார்கள். ஆடிட்டர் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும். வாங்குபவரான அயல்நாட்டவர் பங்கு கேட்டால் தனி உரிமை நிறுவனம் உதவாது. கம்பெனியாக மாற வேண்டும், பங்கு ஒதுக்கிய 30 நாட்களுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். அவருக்கு எத்தனை சதவிகிதம் கொடுப்பது என்று பேசும்போது 51 நினைவிருக்கட்டும். அதற்குக் கீழே போனால் பெண் நிறுவனம் என்ற தகுதியும் போய்விடும்.

தோல் பொருள் செய்பவர்கள் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் சர்வதேசத் தோல் கண்காட்சிக்குப் போய்வாருங்கள். முதல் முறை ஸ்டால் எடுக்க வேண்டாம், பார்வையாளராகப் போனால் போதும். கையில் நன்றாகத் தைத்த ஒரே ஒரு பை, விலையும் எச்எஸ் எண்ணும் மாத உற்பத்தி அளவும் எழுதிய ஒரு தாள், ஐஇசி எண் அச்சிட்ட விசிட்டிங் கார்டு. முதல் நாள் கூட்டம் அதிகம். கடைசி நாள் பிற்பகலில் ஸ்டால்காரர்களுக்கு ஓய்வு இருக்கும்; அப்போதுதான் உட்கார வைத்துப் பேசுவார்கள்.